சர்க்கரை நோயாளிக்குப் பாடம் எடுக்க வேண்டும்

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் என்றால் மாத்திரை, ஊசி, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது, காய்ச்சலில் சாப்பாடு இறங்காதபோது இன்சுலினை நிறுத்தலாமா, கல்யாண விருந்தில் எவ்வளவு சாப்பிடலாம் என்று தினமும் முடிவெடுப்பவர் நோயாளிதான். அப்போது டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் கட்டி தட்டும். அங்கே போடுகிற மருந்து ஒருநாள் போல் மறுநாள் ரத்தத்தில் சேராது. இதைச் சொல்லித் தராமல், சர்க்கரை ஏறுகிறதே என்று டோஸை மட்டும் கூட்டினால் என்ன பயன்? நோயைக் கையாளக் கற்றுத் தருவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அதை இலவச இணைப்பாகப் பார்ப்பதுதான் தவறு.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு அல்ல. இங்கிலாந்தில் டாஃப்னே என்ற பயிற்சியை 169 பேரிடம் சோதித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் வகை சர்க்கரை நோயாளிகளுக்கான ஐந்து நாள் வகுப்பு அது. சாப்பாட்டைக் கட்டிப்போடாமல், சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் அளவை மாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். வழிமுறை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆறு மாதத்தில், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, பயின்றவர்களுக்கு 8.4 சதவீதமாகவும் மற்றவர்களுக்கு 9.4 ஆகவும் இருந்தது. புது மருந்து எதுவும் தரவில்லை. இருந்த இன்சுலினையே சரியாகப் பயன்படுத்தினார்கள். இந்த ஒரு புள்ளி சின்ன விஷயமில்லை. இரண்டாம் வகை நோயாளிகளை வைத்து நடந்த பிரிட்டன் ஆய்வொன்றில், ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது.

இரண்டு நாளில் மறந்துபோகும் பாடத்துக்கா இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. அதே பிரிட்டனில், இரண்டாம் வகை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 824 பேரை வைத்து டெஸ்மண்ட் என்ற சோதனை நடந்தது. ஆறு மணி நேரம் மட்டும் வகுப்பு எடுத்தார்கள். ஓராண்டு கழித்து எடையும் புகைப்பழக்கமும் குறைந்திருந்தன; எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றாண்டில் எடையிலும் வித்தியாசம் தெரியவில்லை. 31 சோதனைகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டு ஆய்விலும், பாடம் முடிந்ததும் எச்பிஏ1சியில் தெரிந்த 0.76 புள்ளி இறக்கம், சில மாதங்களில் 0.26 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இதை வைத்துப் பாடமே வீண் என்று முடிவுகட்ட முடியாது. மாத்திரையை நிறுத்தினால்கூடத்தான் சர்க்கரை ஏறிவிடுகிறது. அதற்காக மாத்திரையை வீண் என்கிறோமா? ஒரு புள்ளி இறங்க ஏறக்குறைய 24 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று அதே தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஒரே நாளில் முடித்து அனுப்பிவிடாமல், தவணை தவணையாகத் தொடர வேண்டிய வைத்தியம் இது.

கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் டாக்டருக்கு ஏது நேரம் என்பது நியாயமான கேள்வி. டாக்டரேதான் சொல்லித்தர வேண்டும் என்று யார் சொன்னது? பயிற்சி பெற்ற செவிலியர், உணவு ஆலோசகர் போதும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். வாசல்வரை வருபவர் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் அதுவே தொடர் வகுப்பு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அத்தனை பேருக்கும் நிபுணர்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதே சமயம், பாடம் எடுத்தாயிற்று, இனி உன் பாடு என்று கைகழுவவும் இது சாக்காகிவிடக் கூடாது. வாங்க முடியாத காய்கறியையும் கிடைக்காத இன்சுலினையும் பற்றி வகுப்பெடுப்பது வெறும் உபதேசம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஊசி போடும் இடத்தையும் பாதத்தையும் காட்டுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.