பழைய டீசல் காரில் கரி அடைப்பு

கடன் வாங்கிப் பழைய டீசல் கார் வாங்குகிறீர்களா? 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டி என்றால், புகைக் குழாயில் ஒரு பில்டர் இருக்கும். புகையில் உள்ள கரியை அது பிடித்து வைக்கும். சுமார் 600 டிகிரி சூட்டில் அந்தக் கரி எரிந்து போகும்.

ஊருக்குள் மட்டும் ஓட்டினால் அந்தச் சூடு வராது. பில்டர் அடைத்துக் கொள்ளும். மஞ்சள் விளக்கு எரியும். உடனே நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 20 நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லையா? இழுவை குறைகிறதா? மெக்கானிக்கிடம் போங்கள். ஆயில் குச்சியையும் பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். மாற்றாமல் ஓட்டினால் என்ஜின் கெடும்.

“பில்டரை எடுத்துவிடு, செலவு மிச்சம்” என்பார்கள் சிலர். கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அந்தக் கரி நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் தானே போகும்?