குழு கலைந்தது, கற்றது நிலைத்தது

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு சுவீடன். 2013ஆம் ஆண்டு அங்கே நான்கு பையன்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்தார்கள். பெயர் 'தி ஃபூ'. ஆடலையும் பாடலையும் ஒருங்கே பயின்றார்கள். இளம் ரசிகைகள் திரண்டார்கள்.

2016இல் ஒருவர் விலகினார். எஞ்சிய மூவரும் 'எஃப் ஓ அண்ட் ஓ' எனப் பெயர் மாற்றிப் பாடினார்கள். 2017இல் குழுவே கலைந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. மறு ஆண்டே ஃபெலிக்ஸ் சாண்ட்மன் நாட்டின் பெரிய பாட்டுப் போட்டியில் தனியாகப் பாடி இரண்டாமிடம் பெற்றார். வெனிசுவேலாவில் பிறந்து, சிறுவயதில் சுவீடனில் குடியேறிய ஒமர் ருட்பெர்க், 2021இல் 'யங் ராயல்ஸ்' தொடரில் நடித்துப் பல நாடுகளில் புகழ்பெற்றார்.

பெற்றோர்களே, குழு கலைந்ததென்று பிள்ளையின் கலையையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். கூட்டு பிரியலாம், பழகிய கலை கைவிடாது.