மனச்சிதைவு நோயும் குடும்பத்தினரின் பராமரிப்புச் சுமையும்

முன்னுரை

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. கல்வி முடித்துத் தம்மைத் தாங்குவார் என எதிர்பார்த்த பிள்ளையைப் பெற்றோரே மீண்டும் தாங்க நேர்கிறது. இந்தியாவில் இந்நோயாளருள் மிகப் பெரும்பாலோர் குடும்பத்துடனேயே வாழ்கின்றனர். ஆதலால் மருத்துவமனைக்கு வெளியே நிகழும் பராமரிப்பு ஏறத்தாழ முழுவதும் குடும்பத்தாரின் உழைப்பாகவே அமைகிறது. அவ்வுழைப்பு அவர்களுக்கு விளைவிக்கும் சுமையை இக்கட்டுரை விளக்குகிறது.

சுமையின் கூறுகள்

பராமரிப்புச் சுமையைப் புறச்சுமை, அகச்சுமை என ஆய்வாளர் இருவகைப்படுத்துவர். பெங்களூரில் பை, கபூர் ஆகியோர் உருவாக்கி 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நேர்காணல் அட்டவணை பொருளாதார இழப்பு, அன்றாடப் பணிகளின் சீர்குலைவு, ஓய்வின்மை, குடும்ப உறவில் விரிசல், பிறரது உடல்நலக் கேடு, உளநலக் கேடு என்னும் ஆறு கூறுகளில் சுமையை அளந்தது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் ஆய்வு நிறுவனமும் 40 வினாக்கள் கொண்ட மதிப்பீட்டு அட்டவணை ஒன்றை உருவாக்கியது.

இக்கூறுகள் ஒன்றையொன்று வளர்ப்பன. துணையிருக்க ஒருவர் வேலையை விட்டால் வருவாய் குறைகிறது. மருந்து வாங்குவது தடைப்படுகிறது. நோய் மீண்டும் முற்றுகிறது. சுமை மேலும் கூடுகிறது.

அறிகுறிகளும் புரிதலும்

இல்லாத குரல் கேட்டல், பிறர் மீது காரணமற்ற ஐயம் ஆகியன நோயென எளிதில் புலப்படும். பேச்சுக் குறைதல், ஆர்வமின்மை, தன்னைப் பேணாமை ஆகியனவோ சோம்பலாகவும் பிடிவாதமாகவும் கருதப்படுகின்றன. இதனால் எழும் ஓயாத குறைகூறல் நோய் மீளும் வாய்ப்பை மிகுவிக்கும் என்பதை இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. இம்முடிவைக் குடும்பத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ளலாகாது. கடுஞ்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் களைப்பும் அறியாமையுமே உள்ளன.

முதுமையும் எதிர்காலமும்

மணமுறிவுற்ற பெண் நோயாளர் பலர் பெற்றோர் இல்லத்திற்கே திரும்புகின்றனர். சிலர் குழந்தைகளுடனும் வருகின்றனர். முதுமையடைந்த தாய்க்கு அன்றாடப் பணியினும் பெரிய வருத்தம், தமக்குப் பின் மகளை யார் காப்பார் என்பதே.

முடிவுரை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையம் 1957 முதலே நோயாளியுடன் உறவினரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தது. குடும்பத்தைத் துணையாகக் கொண்ட அம்முறையின் அடுத்த படி, குடும்பத்தின் நலத்தையும் சிகிச்சையின் பகுதியாக்குவதாகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் மாற்றுத்திறனாக ஏற்கிறது. அதன்வழிப் பெறத்தக்க உதவிகளை முதற்கட்டத்திலேயே குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தலும், நோய் பற்றிக் கற்பித்தலும், பராமரிப்பவர் சில நாள் ஓய்வு பெறத் தற்காலிகத் தங்குமிடம் அமைத்தலும் இன்றியமையாதவை. பராமரிப்பவர் தளர்ந்தால் நோயாளியின் மருந்தும் மருத்துவமும் உடன் தளரும்.