சாயத்தொட்டியில் பிறந்த நிறப்பெயர்கள்

ஜப்பானில் போக்குவரத்து விளக்கு பச்சையாக எரிந்தால் அதை 'ஆவோ' என்பார்கள். நீல வானத்துக்கும் அதே சொல்தான். 1930இல் டோக்கியோவின் ஹிபியாவில் முதல் விளக்கு வந்தபோது சட்டம் அதைப் பச்சை என்றே குறித்தது. மக்கள் ஆவோ என்றே சொல்லிவந்ததால் 1947இல் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. பழைய ஜப்பானியக் கண்ணுக்கு நீலமும் பச்சையும் வேறுபடவில்லை என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. பழைய மொழியில் அடிப்படை நிறச்சொற்கள் நான்குதான் என்பது மெய்: சிவப்புக்கு 'அகா', கருப்புக்கு 'குரோ', வெள்ளைக்கு 'ஷிரோ', பிறகு 'ஆவோ'. ஆனால் கண் கண்டதையெல்லாம் மொழி பெயரிட்டு வைப்பதில்லை. ஒரு நிறத்தைச் செய்யவும் விற்கவும் உடுக்கவும் வேண்டி வரும்போதுதான் அதற்குத் தனிப்பெயர் தேவைப்படுகிறது. ஜப்பானிய நிறப்பெயர்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, கண்ணைவிடச் சாயத்தொட்டியே நல்ல வழிகாட்டி.

பழம்பெயர்களில் பல சாயச்செடிகளின் பெயர்களே. 'அகானே' மஞ்சிட்டி இனத்துக் கொடி. அதன் வேரிலிருந்து சிவப்பு. 'முராசாகி' ஒரு செடி. அதன் வேரிலிருந்து ஊதா. 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற அரசு விதிநூல், ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு துணி, எவ்வளவு சாயப்பொருள், எவ்வளவு சாம்பல், எவ்வளவு விறகு என்று அளந்து சொல்கிறது. பெயர் சாயவேலையில் பிறப்பது நீலத்தில் இன்னும் தெளிவு. புளிக்கவைத்த நீலச் சாயத்தில் துணியை லேசாக முக்கி எடுத்தால் கிடைக்கும் மிக வெளிர் நிறம் 'கமெநொசொகி', அதாவது தொட்டியை எட்டிப்பார்த்தது. மேலும் மேலும் தோய்க்க அது 'அசாகி' ஆகி, 'ஹனதா' ஆகி, கருநீலமான 'கோன்' வரை போகும். தோய்த்தவரின் உழைப்பே இங்கே படிப்படியாகப் பெயர் பெற்றிருக்கிறது. ஆவோ என்ற ஒற்றைச் சொல்லோடு வாழ்ந்த சமூகம்தான் இத்தனை நீலங்களையும் பிரித்து வைத்தது.

சகுரா, ஃபுஜி, யமபுகி என்று பூக்களின் பெயரில் எத்தனையோ நிறங்கள் இருக்கின்றனவே, அவை இயற்கையை நேசித்த கண்ணின் கொடை அல்லவா என்று கேட்கலாம். நேசம் உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஹெயான் காலத்து அரண்மனையில் பூப்பெயர்கள் பெரும்பாலும் ஆடையடுக்குகளின் பெயர்களாகவே புழங்கின. எந்தப் பருவத்தில் எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்பது அங்கே ஒரு கலை. ஆழ்ந்த குசும்பாப்பூச் சிவப்பும் ஆழ்ந்த ஊதாவும் உயர்ந்தோருக்கு மட்டுமே உரியவை. அவற்றின் வெளிர்ச் சாயல்களே மற்றவர்களுக்கு அனுமதி. எடோ காலத்தில் நகர மக்களின் ஆடம்பரத்தை அரசு கட்டுப்படுத்தியபோது, பழுப்பும் சாம்பலும் பெருகின. 'நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்' என்ற வழக்குத்தொடரே எழுந்தது. கபுகி நடிகர் இரண்டாம் செகாவா கிகுனோஜோவின் புனைபெயரான ரோகோ, அவர் உடுத்திய பழுப்புக்குப் பெயராயிற்று. தடைக்குள் நின்றுகொண்டே இவ்வளவு நுணுக்கம் கண்ட அந்த நெசவாளரும் சாயக்காரரும் என்னை வியக்க வைக்கிறார்கள்.

செயற்கைச் சாயம் வந்து, 'பிங்கு', 'ஒரென்ஜி' போன்ற இரவல் சொற்கள் புகுந்து, பழம்பெயர்கள் அழிந்துவிட்டன என்பது இன்னொரு வாதம். பல பெயர்கள் பேச்சிலிருந்து மறைந்தது உண்மை. ஆனால் மொழி நிறங்களைப் பிரிக்கும் திறன் மங்கிவிடவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 57 ஜப்பானியர்களிடம் 330 வண்ணத்துண்டுகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். கிட்டத்தட்ட அனைவரும் வெளிர்நீலத்தை நீலத்திலிருந்து பிரித்து 'மிசு', அதாவது நீர்நிறம், என்றார்கள். அதே ஆய்வில் தோலின் பெயர் கொண்ட 'ஹதா'வும் பரவலாக வந்தது. மனிதத் தோல் ஒரே நிறமல்ல என்ற எதிர்ப்புக்குப் பின், கிரேயான் பெட்டிகளில் 2000ஆம் ஆண்டையொட்டி அந்தப் பெயரை நீக்கி 'உசுதைதை', வெளிர் ஆரஞ்சு, என்று அச்சிடத் தொடங்கியிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த நிறம் மட்டும் மாறவில்லை.