கார் கண்ணாடி கழுவும் திரவம்: மெத்தனால் நமக்கு வேண்டாம்

புஞ்சாக் ஆலாம், கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடும் காருக்குப் புழுதியும் சேறும் புதிதல்ல. வைப்பர் தொட்டியில் எதை ஊற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். உறைந்தால் விரிந்து, தொட்டியையும் குழாயையும் உடைக்கக்கூடும். அதனால்தான் குளிர் நாடுகளில் விற்கப்படும் பல திரவங்களில் மெத்தனால் சேர்க்கிறார்கள். நம் ஊரில் விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வராது. 'உறையாது' என்று எழுதிய போத்தலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

மெத்தனால் கொடிய நஞ்சு. உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

மெத்தனால் இல்லாத திரவத்தை வாங்கி, போத்தலில் குறிப்பிட்ட அளவில் தண்ணீர் கலந்தாலே போதும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் வேண்டாம். நுரை கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும்.

எந்தத் திரவத்தையும் மினரல் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டால், அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். காத்திருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.