வேடம் போட்ட நாய்களின் ஊர்வலம்

அக்டோபர் 31-ஆம் தேதி கொண்டாடப்படும் ஹாலோவீன், அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் வேளையில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என நம்பிய கெல்டிக் மக்களின் திருநாளில் வேர்கொண்டது என்றும், 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்களால் அமெரிக்காவில் பரவியது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆவிகளின் கண்ணில் படாமலிருக்க மனிதர்கள் போட்டுக்கொண்ட வேடம் இன்று வளர்ப்பு நாய்களின் முதுகிலும் ஏறியிருக்கிறது. வளர்ப்புப் பிராணிகளின் வேட உடைகளுக்கு மட்டும் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023-இல் கணித்தது.

வேடம் போட்ட நாய்களின் ஊர்வலங்களில் பெயர்பெற்றது, நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவை ஒட்டி 1990-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருவதாகும். பொது இடத்தில் நாயை ஆறடிக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்ற விதியுள்ள அந்நகரில், வாரை அவிழ்த்து நாயை ஓடவிடுவதற்கென வேலியிட்ட திடல் ‘டாக் ரன்’ எனப்படுகிறது; நகரின் முதல் டாக் ரன் 1990-இல் இப்பூங்காவில்தான் அமைந்தது. அதன் பராமரிப்புக்கு அக்கம்பக்கத்தார் நிதி திரட்டும் வழியாகவே இவ்வூர்வலம் வளர்ந்தது என்பதால், இதை வெறும் கேளிக்கையாக எண்ணுவது சரியாகாது. ஆனால் கூட்டம் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகியது. 2018-இல் காப்பீட்டுப் பிரச்சினையால் ரத்தாகும் நிலைக்குப் போன விழா, ஈஸ்ட் ரிவர் பூங்காவின் திறந்தவெளி அரங்குக்கு இடம்மாறி நடந்தது.

இத்தகைய ஊர்வலங்களோடு நடக்கும் வேடப் போட்டியில் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. உடல் நீண்டு கால் குட்டையான டாக்ஸ்ஹண்ட் நாயின் இருபுறமும் பஞ்சடைத்த துணியால் ரொட்டிப் பிளவுகளைக் கட்டி, முதுகின் நடுவே மஞ்சள் துணியைக் கடுகுச் சாந்துபோல் வளைத்துத் தைத்துவிட்டால், நாயே ஹாட் டாக் என்னும் தின்பண்டமாகிவிடும். கற்பனையும் கைவேலையும் நடுவர்களின் மதிப்பெண்ணைப் பெறுகின்றன. அவை இரண்டும் உரிமையாளருடையவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சில ஊர்களில் இத்துடன் நடைபெறும் திறமைப் போட்டியோ நாய்க்கு உரியது. விரும்பத்தக்க செயலைச் செய்த கணத்திலேயே தின்பண்டமோ பாராட்டோ தந்து அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டும் முறை ‘நேர்மறை வலுவூட்டல்’ எனப்படுகிறது. உருளுதல், கைகொடுத்தல், வளையத்துக்குள் தாவுதல் போன்ற வித்தைகளை இம்முறையிலேயே சிறுகச் சிறுகப் பழக்கலாம். விருப்பமில்லாத நாய் மேடையில் சும்மா உட்கார்ந்துவிடும், அந்த மறுப்பு எல்லாருக்கும் தெரியும். வேடம் போட்ட நாயின் மறுப்போ துணிக்குள் மறைந்துபோகிறது.

காதும் வாலும் உடலசைவுமே நாய் தன் மனநிலையைத் தெரிவிக்கும் வழிகளாதலால், அவற்றை மூடும் முகமூடியும் அங்கியும் பிற நாய்களைக் குழப்பக்கூடும் என்பதோடு, பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல்வெப்பத்தைத் தணிக்கும் பிராணிக்கு வாயை இறுக்கும் எந்த உடையும் தீங்கானதாகும். அடிக்கடி உதட்டை நக்குவதும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவதும், வாலைக் கால்களுக்கிடையே செருகுவதும், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பதும் பதற்றத்தின் அடையாளங்கள். இவை தெரிந்தால் பரிசை மறந்து உடையைக் கழற்றிவிடுவதே முறை. விழாவுக்குச் சில நாள் முன்பே வீட்டில் சற்று நேரம் உடுத்திப் பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

ஊர்வலத்தைவிட, ஹாலோவீன் இரவில் வாசலுக்கு வரும் சிறுவர்களுக்காக எடுத்துவைத்த மிட்டாய்க் கிண்ணமே பெரும்பாலும் நாய்க்குக் கூடுதல் ஆபத்தானது. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளை நாயின் உடல் மெதுவாகவே சிதைப்பதால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் சேர்க்கப்படும் சைலிட்டால் சிறிதளவே உள்ளே போனாலும் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடக்கூடும். நாய் இவற்றைத் தின்றது தெரிந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை உடனே அணுக வேண்டும்.