எந்த வாசல் யாருடையது: வடசென்னைக் கடலோரத்தின் அதிகார எல்லைகள்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடலோரத்தில் உள்ளாட்சி, வருவாய், காவல், துறைமுகம், மாசுக் கட்டுப்பாடு ஆகிய ஒவ்வொரு துறையும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால், நியாயமான மனுக்கள்கூட ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடுகின்றன.

தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. இன்று திருவொற்றியூர் முதல் மண்டலமாகவும், இராயபுரம் ஐந்தாம் மண்டலமாகவும் உள்ளன. ஆனால் பட்டா, சான்றிதழ் போன்றவற்றைக் கவனிக்கும் வருவாய் நிர்வாகத்தில் திருவொற்றியூர் வட்டம் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது என்பதால், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்குள்ளவர்கள் சொத்துவரியைச் சென்னை மாநகராட்சிக்கும் பட்டா மனுவைத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்துவந்தனர். 2022இல் சென்னைக் காவல் ஆணையரகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது எண்ணூர் ஆவடி ஆணையரகத்தின் கீழ்ச் சென்றது. முகத்துவாரத்தின் மறுகரையிலுள்ள காட்டுப்பள்ளியோ திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சி. அங்கே கிராம சபை உண்டு, இக்கரையில் அதற்கு இணையாகச் சொல்லப்படும் பகுதி சபை பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது.

துறைமுகங்களின் நிலையும் இதுதான். சென்னைத் துறைமுகம் 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் கீழ் இயங்குகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2020 முதல் சென்னைத் துறைமுகத்துக்கே சொந்தமான நிறுவனம். தனியார் நடத்தும் காட்டுப்பள்ளித் துறைமுகம் மாநில அரசின் கடல்சார் வாரியத்தின் வரம்புக்குள் வருகிறது.

இந்தச் சிதறலின் ஆபத்து 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் வெளிப்பட்டது. எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து அமோனியா இறக்குவதற்கான உர நிறுவனக் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அந்த ஒரே குழாயின் கடலடிப் பகுதிக்குக் கடல்சார் வாரியம், ஆலைப் பாதுகாப்புக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், காற்றுக்கும் நீருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நிவாரணத்துக்கு மாவட்ட ஆட்சியர் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. மூச்சுத்திணறியவர் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அபத்தம்.

  எனினும், தவறான அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கும் உயிரளிக்கும் சட்டப் பிரிவுகள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(3) பிரிவின்படி, தன்னிடம் இல்லாத தகவலைக் கேட்கும் மனுவை அலுவலகம் ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, அதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். திருப்பித் தருவது சட்டப்படி சரியன்று. அவ்வாறே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அது பற்றிய தகவலைக் காவல் நிலையம் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது, ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று வழங்குவது இதுவே. ஆகவே எண்ணூர்ச் சம்பவத்தைத் திருவொற்றியூர் நிலையத்தில் சொன்னாலும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்க இயலாது.

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. அபாயகரப் பொருள் விபத்தில் பாதிக்கப்பட்ட பொதுமக்கள், 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையின்றி மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம்; ஆலைத் தொழிலாளர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கெனத் தனிச் சட்டம் உள்ளது. மற்றது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிப்பது. மருத்துவமனைச் சீட்டும், தேதியுடன் கூடிய படங்களும், மனு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலும் இரண்டுக்கும் அடிப்படை. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சுவோர், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கும் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இலவசச் சட்ட உதவியை உறுதிசெய்கிறது என்பதை அறிந்து, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இரு வழிகளுக்கும் பொதுவான கால எல்லை ஐந்து ஆண்டுகள். அமோனியாக் கசிவைப் பொறுத்தவரை அது 2028 டிசம்பரில் முடிகிறது.